துலாக்கொடியின் நீளம்: எங்கள் கிணற்றைச் சவராக்கியது யார்?

கிணற்றடிப் பிள்ளை | ஓகஸ்ட் 9, இரவு 9.42

வணக்கம். ஆறு ஆண்டுகளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போகிறவன் நான். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

எங்கள் காணி அச்சுவேலிப் பக்கம். தொண்டைமானாறு நீரேரி எங்களுக்கு எட்டிய தூரம்தான். இரண்டு மாதமாக அம்மா தேநீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். தேயிலையை மாற்றினேன். பால்மாவை மாற்றினேன். கேத்தலைக்கூட மாற்றினேன். பிறகு பருப்பு வேகப் பிந்தியது, சவர்க்காரம் நுரைக்க மறுத்தது, குளித்துவிட்டு வந்தால் தலைமயிர் தும்பாக நின்றது. ஒரு நாள் மோட்டாரைப் போட்டு, குழாய் வாயில் கையை ஏந்திக் குடித்துப் பார்த்தேன். சவர்.

அப்பப்பா வெட்டுவித்த கிணறு. அதன் தண்ணீரை இளநீருக்குச் சமம் என்று ஊரில் சொல்லுவார்கள். தண்ணீர் இறைக்க ஏறி மிதித்த நீண்ட மரமான துலாவைத் தாங்கிய ஆடுகால்கள் இரண்டும் இன்னும் நிற்கின்றன, அவற்றுக்கிடையில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறோம். அப்பா காலத்தில் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. என் காலத்தில் மின்மோட்டார். ஆளியைச் சமையலறைச் சுவரில் பூட்டியிருக்கிறேன், கிணற்றை எட்டிப் பார்க்காமலே இறைத்துவிடலாம். உண்மையைச் சொன்னால், குடித்துப் பார்த்த அந்த நாளுக்கு முன் நான் கடைசியாகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது எப்போது என்று ஞாபகம் இல்லை.

பாடசாலையில் 'விஞ்ஞானத்தின் நன்மை தீமைகள்' என்று கட்டுரை எழுதுவோமே, நன்மை ஐந்து, தீமை ஐந்து, முடிவுரை. நானும் எழுதிப் பரிசு வாங்கியவன். அந்தக் கட்டுரை இப்போது என் கிணற்றுக்குள் கிடக்கிறது. மோட்டாரா, உரமா, பக்கத்து வளவுக் குழாய்க் கிணறா, என் பேராசையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோவான் | ஓகஸ்ட் 9, இரவு 11.15

தம்பி, வாசிக்கவே மனம் கனக்கிறது. எங்கள் முன்னோர்கள் எவ்வளவு அறிவாளிகள்! பனங்குற்றியில் துலா, தண்ணீர் அள்ளப் பனையோலையில் பட்டை, எல்லாம் மண்ணிலிருந்து எடுத்து மண்ணுக்கே போகிற பொருட்கள். புகை இல்லை, சத்தம் இல்லை. விடியற்காலையில் துலா கிறீச்சிடும் சத்தத்தில் எழும்பியவர்கள் நாங்கள். விஞ்ஞானம் வந்தது, எல்லாம் போயிற்று. மறுபடியும் துலாவுக்குத் திரும்பினால் நிலத்தடி நீர் தானாக மீளும் என்பது என் கருத்து.

செம்மண் கிழவன் | ஓகஸ்ட் 10, காலை 5.20

ஸ்காபரோவுக்கு வணக்கம். கிறீச்சிடும் சத்தத்தில் எழும்பினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தை எழுப்பியவன் எத்தனை மணிக்கு எழும்பினான் என்று யோசித்தீர்களா?

எனக்கு வயது 78. ஊர் புன்னாலைக்கட்டுவன். 12 வயதில் துலாவில் ஏறினேன். இரவு 2 மணிக்கு எழுப்புவார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மேலே இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கிணற்று வாயில் ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்க்க, தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். நாலு பேரின் ஓர் இரவு, ஒரு துண்டுப் புகையிலைத் தோட்டம். பனியில் துலா வழுக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் விழுந்து இடுப்பு ஒடிந்து, மிச்சக் காலம் முழுவதும் திண்ணையில் கிடந்தார். பாட்டுப் பாடிக்கொண்டு இறைத்தார்கள் என்று இப்போது கலைவிழாவில் ஆடிக் காட்டுகிறார்கள். நித்திரை தூங்கி விழாமலிருக்கப் பாடினோம் ஐயா.

1963 இல் எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. ஐயா அதற்குச் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, முதல் தண்ணீர் வாய்க்காலில் ஓடியபோது அழுதார். நாலு பேர் ஓர் இரவு செய்ததை அது ஒன்றரை மணித்தியாலத்தில் செய்தது. அடுத்த வருடம்தான் நான் ஒழுங்காகப் பாடசாலைக்குப் போனேன். 1970 இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் வீட்டுக்கு ஓடு போட்டான், பிள்ளைகளைப் படிப்பித்தான். துலாவோடு இருந்திருந்தால் அந்தச் சந்தையைத் தொட்டுப் பார்த்திருக்கவும் மாட்டோம்.

துலாவுக்குத் திரும்ப வேண்டுமென்றால் விமானச் சீட்டு எடுங்கள். ஆடுகால் தம்பியின் வீட்டில் இருக்கிறதாம்.

நீரடி | ஓகஸ்ட் 10, மாலை 6.05

கிழவன் ஐயாவுக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வயது போதாது. கேள்விக்கு மட்டும் வருகிறேன். நிலத்தடி நீர் என் தொழில்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரிக்கு மட்டும் உயிர் பெறுகிற ஆறு. நமக்கு இருப்பதெல்லாம் காலடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லும், அதன் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தங்குகிற மழைநீரும்தான். அந்த நன்னீர், அடியில் உள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் அதிகம். அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் நம் வாழ்க்கை மிதந்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து ஒரு கணக்கு வரும். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே 1 அடியை இறைத்துக் குறைத்து அந்த நிலையிலேயே வைத்திருந்தால், உப்பு கீழிருந்து 40 அடி ஏறும். கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பு போல மேலெழும்பும். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அதிசயம் என்று சிறுவயதில் சொல்லித்தந்தார்கள். அதிசயம் இல்லை, நம் எல்லோருடைய கிணற்றின் குறுக்குவெட்டு முகமும் அதுதான்.

கிணற்றடிப் பிள்ளை, மோட்டாரில் பிழை அது இறைப்பது அல்ல. 2 அங்குல இயந்திரம் நிமிடத்துக்கு 500 லீற்றரளவில் உறிஞ்சும். பட்டையால் இறைத்தால் தண்ணீர் தாழும் வேகத்துக்கு ஊற்று ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கும். மோட்டாரோடு ஊற்றால் போட்டி போட முடியாது. ஆகவே மொத்தத்தில் எவ்வளவு இறைத்தீர்கள் என்பதைப் போலவே, எவ்வளவு விரைவில், எந்த ஆழத்திலிருந்து இறைத்தீர்கள் என்பதும் முக்கியம். பக்கத்து வளவில் 100 அடிக்குக் குழாய்க் கிணறு அடித்திருந்தால், அவர்கள் உப்புக்குப் படி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

குடும்பநல அக்கா | ஓகஸ்ட் 11, மதியம் 1.30

சவரை நாக்கு கண்டுபிடித்துவிடும். நாக்குக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டப் பகுதிகளில் வேலை செய்த காலத்தில் தாய்மாரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விடயம் நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் செம்மண் வழியாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் போய்விடும். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதிலிருந்தும் வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் எல்லை மீறுகிறது என்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறையும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

இன்னொன்று. நல்ல தாய்மார் எல்லோரும் கேட்பது, "கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தானே கொடுக்கிறேன் மிஸ்ஸி?" கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அது இன்னும் செறிவாகும். 'கொதித்தாறிய நீர்' என்று ஐம்பது வருடமாக நாங்களே சொல்லிக் கொடுத்த பாடம் இந்த ஒரு விடயத்தில் கைகொடுக்காது என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் என் வேலையில் எனக்குக் கடினமாக இருந்த பகுதி. அறிவுரையைத் திருப்பி எடுக்கும்போது முகம் மாறிவிடும், "அப்போ அன்று சொன்னது பொய்யா?" என்று.

பிள்ளை, சவரோடு சேர்த்து நைத்திரேற்றையும் பரிசோதியுங்கள்.

மூன்றாம் பனை | ஓகஸ்ட் 11, இரவு 10.50

இந்த இழையில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எல்லோரும் 'நம் கிணறு', 'நம் முன்னோர்' என்று எழுதுகிறீர்கள். என் அம்மம்மாவுக்குக் கிணறு இருக்கவில்லை. அவர் கூலிக்குப் போன வீடுகளில் இருந்தது. அந்தக் கிணற்றுக்கட்டில் அவர் கை வைக்க முடியாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டத்தில் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் யாராவது வந்து, மனம் இருந்தால், அள்ளி ஊற்றுவார்கள். மனம் இல்லாவிட்டால் வெயில் உச்சிக்கு வந்து இறங்கும்வரை நிற்க வேண்டும். அதே வீட்டின் துலாவை இரவு முழுவதும் மிதித்தவர்களில் என் அம்மப்பாவும் ஒருவர். அவர் மிதித்து வந்த தண்ணீரை அவர் மனைவி அள்ளக் கூடாது. எல்லாச் சாதியினரையும் உள்ளே விடக் கேட்டு 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டம் சரித்திரத்தில் இருக்கிறது. கிணற்றடியில் நடந்தவை எங்கள் வீட்டுக் கதைகளாகவே நின்றுவிட்டன.

எங்கள் வளவுக்கு மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் குழாய்க் கிணறும் மோட்டாரும் வந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மம்மா குழாயடியில் இருந்து தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். குளித்து முடிந்த பிறகும் ஊற்றினார். வெறும் நிலத்தில் ஊற்றினார். அம்மா "மோட்டார் சூடாகிறது, நிற்பாட்டுங்கள்" என்று கத்தினார். அவர் கேட்கவில்லை.

நீரடி அண்ணா எழுதியது சரி, எங்கள் குழாய்க் கிணறும் உப்புக்குப் படி கட்டியிருக்கலாம். நன்மைப் பக்கத்தில் எழுதுவதா தீமைப் பக்கத்தில் எழுதுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

செம்மண் கிழவன் | ஓகஸ்ட் 12, காலை 4.55

பிள்ளை, எங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் அப்படித்தான் நின்றார்கள். நான் சிறுவனாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஊற்றியவன் நான்தான். பாதியில் ஊற்றாமல் விளையாடப் போனதும் உண்டு.

முதல் பதிவில் 'நாலு பேர்' என்று எழுதினேன். அந்த நாலு பேரில் எத்தனை பேர் எங்கள் வீட்டு ஆட்கள் என்று நான் எழுதவில்லை. இரண்டு பேர்.

பழைய ரீச்சர் | ஓகஸ்ட் 13, மாலை 4.10

மூன்றாம் பனையின் பதிவுக்குப் பிறகு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் ஒரு காலத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1990க்குப் பிறகு பல வருடம் எங்களுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள் தடை, யூரியா தடை. போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டு எரித்த விளக்கில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு நான் பௌதிகவியல் படிப்பித்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்போம். கார்புரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை இன்னும் மூக்கில் இருக்கிறது. மின்காந்தத் தூண்டலை நான் கரும்பலகையில் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை, செய்தி நேரத்தில் சுற்றுவதை நிறுத்தினால் அப்பா திட்டுவார் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி.

அந்தக் காலத்தில் கிணறுகள் இளைப்பாறின என்று ஒரு கூட்டத்தில் யாரோ புகழ்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். உண்மையாக இருக்கலாம், இறைக்க எண்ணெய் இல்லை, போட உரம் இல்லை. ஆனால் தயவுசெய்து அதைச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள். பட்டினி கிடந்தவனை விரதம் இருந்தான் என்று சொல்வதுபோல இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்து, நவம்பரில் கைவிட்டார்களே, அதுவும் இந்த வகைதான். கிணற்றுக்கு நல்லது என்று சொன்னவர்கள் உண்டு. தோட்டக்காரனைக் கேட்டுச் செய்தார்களா?

இன்னொரு குறை எனக்கு உண்டு. மானிப்பாயில் 1848 இல் வைத்தியசாலை தொடங்கிய வைத்தியர் கிறீன், அமெரிக்கர், மேலைத்தேய மருத்துவத்தை நம் பிள்ளைகளுக்குத் தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். போன வருடம் நான் என் கிணற்று நீரைக் கொடுத்துப் பரிசோதித்தபோது அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. ஒரு பக்கம் முழுக்க எண்கள். குடிக்கலாமா கூடாதா என்று எங்கும் இல்லை. நானே பௌதிகவியல் ரீச்சர், எனக்கே அரை மணித்தியாலம் எடுத்தது.

வண்ணை வாலிபன் | ஓகஸ்ட் 13, இரவு 8.00

கிணறு கிணறு என்று எல்லோரும் பழைய கதை பேசுகிறீர்கள். இன்றைய பெரிய தீமை கைத்தொலைபேசி. என் மருமகன் மூன்று வயதில் தொலைபேசியைக் காட்டினால்தான் வாய் திறக்கிறான். செத்த வீட்டைக்கூட நேரலையாக விடுகிறார்கள், கமரா பிடிப்பவர் பாடைக்கு முன்னால் நின்று "கொஞ்சம் விலகுங்கள்" என்று சொல்கிறார். இதைவிடக் கேடு உண்டா?

ஸ்காபரோவான் | ஓகஸ்ட் 13, இரவு 10.35

தம்பி, என் அம்மாவின் செத்த வீட்டை நான் அந்த நேரலையில்தான் பார்த்தேன். என் குடியேற்றப் பத்திரங்கள் அப்போது முடியவில்லை, வெளியே போனால் திரும்ப முடியாது. இங்கே அதிகாலை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி அழும்போது தொடர்பு இறுகி, அவள் வாய் திறந்தபடி படம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. வாய்க்கரிசி போடும் நேரம் கமரா பிடித்தவர் கிட்டப் போனார். அவர் யாரையாவது விலகச் சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருந்தால் எனக்காகத்தான்.

அதைப் பார்த்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்காமல் இருந்திருப்பேனா என்றால், இல்லை.

மட்டறுத்துநர் | ஓகஸ்ட் 14, காலை 9.00

கைத்தொலைபேசி விவாதத்துக்குத் தனி இழை திறக்கப்பட்டுள்ளது, வண்ணை வாலிபனின் பதிவுக்கு வந்த 14 மறுமொழிகள் அங்கே நகர்த்தப்பட்டன. ஸ்காபரோவானின் பதிவை மட்டும் இங்கேயே விட்டிருக்கிறேன். இங்கே தண்ணீர் பற்றி மட்டும் எழுதவும்.

மூன்றாம் வருடம் | ஓகஸ்ட் 16, மாலை 7.20

நான் பொறியியல் மாணவன். தீர்வு எளிது என்று நினைக்கிறேன். சூரிய சக்தி இறைப்பு. எண்ணெய் இல்லை, புகை இல்லை, மின்கட்டணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம்? தூய தொழில்நுட்பத்துக்கு மாறினால் நன்மை மட்டும் மிஞ்சும் அல்லவா?

நீரடி | ஓகஸ்ட் 16, இரவு 9.15

தம்பி, எனக்கு இதுதான் பயம். 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. கடற்றொழிலாளரும் தோட்டக்காரரும் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஒவ்வொருவரும் இயந்திரத்தை நிறுத்துவதற்கு மணிக்கூட்டைப் பார்த்தார்கள். சூரிய மோட்டாருக்கு அந்த மணிக்கூடு கிடையாது. வெயில் இருக்கும்வரை அது ஓடும், ஓடுவதற்குச் செலவில்லை என்பதால் யாரும் நிறுத்தப் போவதில்லை. காற்றுக்கு நல்லது, கிணற்றுக்கு எமன். கட்டுப்பாட்டோடு வந்தால் வரவேற்பேன்.

கேட்கப்போகும் இன்னொரு கேள்விக்கும் இப்போதே பதில். 2024 இல் தாளையடியில் திறந்த கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு உடையது. குடிநீருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அது குழாயில் வருகிற குடிநீர், வெங்காயப் பாத்திக்கு வரப்போவதில்லை. கடலிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் நிறைய வேண்டும் என்பதும் இருக்கிறது. நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டுக் கடலை வடிகட்டுவது, வீட்டுப் பசுவை விற்றுவிட்டுப் பால்மா வாங்குவது போன்றது.

கெடுப்பது தோட்டக்காரன் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாடே பார்த்தது. அந்த மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்களுக்கு வெளிச்சம் தந்த இடமும் அதுதான். சுண்ணாம்புக்கல்லுக்குள் எது போனாலும் வெடிப்பு வழியே வேகமாகப் பரவும், மணலைப்போல நின்று வடிகட்டித் தராது.

செம்மண் கிழவன் | ஓகஸ்ட் 17, காலை 5.10

படிக்கிற தம்பிக்கு: சொட்டு நீர்ப்பாசனம் என்று அடுத்து எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். நான் போட்டுப் பார்த்தவன். முதல் போகம் அருமை, தண்ணீர் பாதிக்கு மேல் மிச்சம். இரண்டாம் போகத்தில் துளைகளை நம் ஊர்ச் சுண்ணாம்பு அடைத்துவிட்டது, கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே சாமான். மெல்லிய அமிலம் விட்டுக் கழுவ வேண்டும் என்று விற்றவர் வந்து சொன்னார், விற்கும்போது சொல்லவில்லை. இப்போது கழுவுகிறேன், ஓடுகிறது. நல்ல சாமான்தான். ஆனால் துலாவுக்குக் கூலிக்காரன் தேவைப்பட்டதுபோல, இதற்கும் குந்தியிருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில்.

கிணற்றடிப் பிள்ளைக்கு ஒன்று. பட்டையைக் கட்டித் தொங்கவிடும் துலாக்கொடிக்கு ஒரு நீளம் உண்டு. கோடையில் தண்ணீர் தாழத் தாழப் பட்டை முழுகாமல் அரையும் காலுமாக வரும். அப்போது ஐயா "ஊறட்டும், இறங்குங்கடா" என்று சொல்லி நிறுத்திவிடுவார். கிணற்றின் மேல் கருணையால் அல்ல. கொடி எட்டாது, அவ்வளவுதான். உங்கள் மோட்டாரின் உறிஞ்சு குழாய் எதுவரை போகிறது? அடி வால்வு கிணற்றுத் தரையில் இருந்தால், கடைசிச் சொட்டுவரை உறிஞ்சச் சொல்லி நீங்களே அதற்குக் கட்டளை கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

கிணற்றடிப் பிள்ளை | ஓகஸ்ட் 18, இரவு 8.30

ஐயா, இன்று நூலில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். அடி வால்வு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. பூட்டியவர் "இப்படி வைத்தால் கோடையிலும் தண்ணீர் வரும்" என்று பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் செய்தேன். காணி உறுதியை எடுத்து வாசித்தேன். "கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும்" என்று இருக்கிறது. நாலில் ஒரு பங்கு! இத்தனை காலமும் முழுக் கிணறும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று பங்குக்காரர்களும் மோட்டார் மலிந்த காலத்தில் தங்கள் தங்கள் வளவில் குழாய்க் கிணறு அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முன்பு முறை வைத்து, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று இறைத்திருக்கிறார்கள். முறைக்குச் சண்டை பிடித்து நீதிமன்றம் போன கதையும் இருக்கிறது, அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சண்டை போய்விட்டது, உண்மைதான். இப்போது நாலு பேரும் ஒரே நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நாலு துளையால் ஒரே தண்ணீரை உறிஞ்சுகிறோம்.

நீரடி | ஓகஸ்ட் 18, இரவு 9.05

வால்வை உயர்த்துங்கள், ஆனால் அவசரப்பட வேண்டாம். தண்ணீர் வால்வுக்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுத்து வறட்டில் ஓடும், அடைப்பு வளையம் எரிந்துபோகும். மிதவை ஆளி ஒன்று பூட்டுங்கள். தண்ணீர் குறித்த மட்டத்துக்கு இறங்கியதும் தானாக நிற்கும், ஊறி ஏறியதும் தானாக ஓடும். கிழவன் ஐயாவின் தகப்பனார் சொன்ன "ஊறட்டும், இறங்குங்கடா" என்ற குரலை ஒரு பிளாஸ்டிக் மிதவைக்குள் போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றும் வாங்குங்கள், தண்ணீரில் உப்பு கூடக் கூட அது காட்டும் எண்ணும் கூடும். கிழமைக்கு ஒரு தடவை, இறைக்க முன் ஒன்று, இறைத்த பின் ஒன்று எடுத்து நாட்காட்டியில் எழுதுங்கள்.

மூன்றாம் பனை | ஓகஸ்ட் 18, இரவு 11.20

பழையபடி முறை வைத்து இறைத்தால் நல்லதுதான். ஒரு கேள்வி மட்டும். முறைக்கு யார் யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்? உறுதியில் பெயர் உள்ளவர்களையா, அந்தத் தண்ணீரின் மேல் குடியிருக்கும் எல்லோரையுமா? எங்களைப் போன்றவர்கள் எந்த உறுதியிலும் இல்லை. எங்கள் குழாய்க் கிணறு மட்டும் இருக்கிறது.

கிணற்றடிப் பிள்ளை | நவம்பர் 30, மாலை 5.45

மூன்று மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மிதவை ஆளி பூட்டினேன். முதல் கிழமை அம்மாவுக்குக் கோபம், குளிக்கும்போது பாதியில் நின்றுவிட்டது. பிறகு வாளியில் பிடித்து வைத்துக் குளிக்கப் பழகிவிட்டார். எண்கள்: ஓகஸ்ட் கடைசியில் மானி 3,240 காட்டியது. செப்டெம்பரில் மழை இல்லாமலே 2,900க்கு இறங்கியது. மிளகாய்க் கன்றில் பாதியைக் கைவிட வேண்டி வந்தது, அதையும் எழுத வேண்டும். நட்டம் நட்டம்தான். இந்த மாதம் மழை நன்றாகப் பெய்தது, நேற்று 1,480. நைத்திரேற்று அறிக்கை வந்தது, 61. குடிக்க வேறு இடத்தில் எடுக்கிறோம். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது ரீச்சர், கீழே பேனாவால் "குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று தமிழில் யாரோ எழுதியிருந்தார்கள். அந்தக் கைக்கு நன்றி.

முறைக்குக் கூட்டம் வைத்தோம். உறுதியில் உள்ள மூவரில் இருவர் வந்தார்கள். பின் ஒழுங்கையில் குழாய்க் கிணறு உள்ள ஆறு குடும்பத்தையும் கூப்பிட்டேன், நாலு குடும்பம் வந்தது. வராத பங்குக்காரர் ஏன் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், நானும் எழுதப்போவதில்லை. கதிரைகளை வரிசையில் போடாமல் கிணற்றைச் சுற்றிப் போட்டேன். ஒரு வயதானவர் கடைசிவரை இருக்கவில்லை, நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். யார் எந்த நாள் என்று இன்னும் முடிவாகவில்லை.

செம்மண் கிழவன் | டிசம்பர் 1, காலை 5.00

வால்வைத் தரையிலிருந்து எத்தனை அடி உயர்த்தினீர்கள் என்று எழுதவில்லை. நானும் உயர்த்தப் பார்க்கிறேன்.

கிணற்றடிப் பிள்ளை | டிசம்பர் 1, காலை 6.10

நாலரை அடி ஐயா. பழைய துலாக்கொடி மாட்டுக் கொட்டில் கூரைக்குள் கிடந்தது. அதை எடுத்து அளந்துதான் வைத்தேன்.